குடைக்காரர் சொல்லாத ஜோக்

நீ பொய் சொல்லியிருக்கிறாய் குரு. போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், சூளகிரி தாண்டும்போது அதைக் கண்டுபிடித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இயர்போன் கூட இல்லாமல் செல்போனில் பழைய கன்னட டிவி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், காகிதப்பூத் தோரணம், மீசைக்காரர் ஒருவர், கையில் குடை. நம் ரூமில் உட்கார்ந்து நாம் பார்த்த அதே யுகாதி சிறப்பு நிகழ்ச்சி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாம் ஆறு பேரும் ஓசூர்க் கம்பெனியில் டிரெய்னி, ஒரே ரூம். ஐந்து பேர் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. நீ ஒருவன்தான் கெலமங்கலத்துக்காரன், மூன்று பாஷை பேசுகிறவன். உன் ஊர்ப் பழக்கத்தில் எல்லாரையும் 'குரு' என்றே கூப்பிடுவாய், எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் சென்னை வெறும் புள்ளிப்புள்ளியாக இரையும், பெங்களூர்தான் பளிச்சென்று விழும். பண்டிகை லீவுக்கு ஊருக்குப் போக வழியில்லாமல், புரியாத பாஷையில் விளையாட்டுப் போட்டியும் பாட்டும் நாடகமும் பார்த்துக்கொண்டிருப்போம். "என்னல சொல்லுதான்?" என்று நாங்கள் உன்னைப் பிடுங்குவோம். நீ சுவரில் சாய்ந்துகொண்டு, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வாய்.

"லீவு கேக்கறான் குரு. ஆபீசர் 'யாருப்பா செத்தா?'ன்றாரு. 'இன்னும் யாரும் சாவல சார், நீங்க லீவு குடுத்தா நான் பொழச்சுக்குவேன்'னு சொல்றான்."

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. கன்னடக்காரன் என்னமாய் ஜோக் எழுதுகிறான் என்று வியந்துபோனோம். இப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஓசூரில் கொட்டை போட்டவன் நான், கன்னடம் நன்றாகவே புரியும். பஸ்ஸில் கேட்டேன். அந்தக் குடைக்காரர் ஒப்பட்டுக்கு, அதாவது பண்டிகைப் போளிக்கு, வெல்லம் வாங்க மறந்துவிட்டு மனைவியிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபீசரும் இல்லை, லீவும் இல்லை. அத்தனை ஜோக்கும் உன்னுடையது. அடப்பாவி, ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனேயே நின்றும் போனது. ஏனென்றால் நான் போய்க்கொண்டிருந்தது உன் வீட்டுக்கு. நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. அடக்கத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு நழுவி வந்தவன் நான். இந்தத் தடவையாவது உன் வீட்டுக்காரியிடம் அந்த ஆயுத பூஜை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று மட்டும்தான் கம்பெனி கேட்டுக்குள் வீட்டு ஆட்களை விடுவார்கள். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த பிறகு கலை நிகழ்ச்சி. அந்த வருஷம் நாமே ஒரு டிவி ஸ்பெஷல் போடலாம் என்றாய். பேக்கிங் அட்டையில் ஆளுயரத்துக்கு ஒரு டிவி செய்தோம். நீ உள்ளே உட்கார்ந்து ஷிப்ட் ஆபீசர் மாதிரி கன்னடத்தில் பேச வேண்டும், நான் வெளியே நின்று தப்புத் தப்பாகத் தமிழில் சொல்ல வேண்டும். ரூமில் தினமும் நடந்ததுதான் என்று இப்போது தெரிகிறது, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

அதற்கு முந்தைய மாதம் பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு விரல் போயிருந்தது. ஓடி வந்த ஷிப்ட் ஆபீசர் முதலில் கேட்டது, மெஷின் எப்போது ஓடும் என்று. எனக்கு அது உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. ஒத்திகையில் ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லிக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை.

"வேணாம் குரு. அவுரு பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி வரிசைல உக்காந்திருப்பாங்க. வீட்டாளுங்க முன்னாடி ஒருத்தர அசிங்கப்படுத்தக் கூடாது. அவுரு ரூமுக்குப் போயி நேரா கேளு, நானும் வர்றேன்."

சரி என்றேன். மேடையில் கைதட்டல் ஏறியது, எனக்கும் தலைக்கு ஏறியது. நீ அட்டை டிவிக்குள்ளிருந்து, எல்லாரும் பத்திரமாக வேலை செய்ய வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாய். நான் மைக்கைப் பிடித்து, "ஒரு விரல் போனா என்ன, இன்னும் ஒம்பது இருக்குல்லா, மெஷின ஓட்டு!" என்றேன். கூட்டம் ஒரு நொடி வெடித்துச் சிரித்தது, அப்புறம் பொசுக்கென்று அடங்கியது. முன்வரிசையில் ஆபீசரின் சின்ன மகள், "அப்பா, உங்களையா சொல்றாங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

லீவு முடிந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "வரியச் சொன்னது நீதான், எழுதுனது யாரு?" என்று கேட்டார்கள். நான் யோசிக்கக்கூட இல்லை. "எனக்குக் கன்னடம் தெரியாது சார். அவன் இன்னது சொல்லணும்னு எழுதிக் குடுத்தான், அப்படியே சொன்னேன்." தங்கை கல்யாணம் பேசியிருந்த நேரம், வேலை போனால் குடும்பமே நின்றுபோகும் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயம் குரு, வெறும் பயம்.

உன்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாய். நான் கேன்டீன் வாசலில் நின்றிருந்தேன். "நான்தான்னு ஒத்துக்கிட்டேன். வா, சாப்பாடு தீந்துடப்போவுது" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் ஐந்து பேருக்கும் வேலை நிரந்தரமானது. உன் பெயர் லிஸ்டில் இல்லை.

நீ கிருஷ்ணகிரிக்குப் போய், சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியிலும் மற்ற நாளில் லோடு ஆட்டோவிலும் பிழைத்தாய். நான் சம்பளமும் போனஸும் வாங்கி, வீடு கட்டி, ரிடையரும் ஆகிவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை உன்னைப் பார்க்க வருவேன். வந்தால் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பாட்டுப் போட்டி, அந்தக் குடைக்காரர், கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைத்த அம்மா. ஆயுத பூஜை பற்றி நீ வாயே திறந்ததில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தம்ளரைத் தொடவில்லை. ஒரு விஷயம் சொல்லணும்மா, கம்பெனியில அவனுக்கு வேலை போனது, என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ண்ணா," என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிட்டாரு. ஏன் வேல போச்சுன்னு எங்கப்பா கேட்டாரு, மறைக்காம சொன்னாரு. 'அவன் பயந்துட்டான், நானும் அவனக் காட்டிக்குடுத்தா ரெண்டு பேரு வேலயும் போவும்'னாரு."

அவள் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க வந்தாலே என்னையும் பாப்பாவையும் கடைக்கு அனுப்பிடுவாரு, தெரியுமாண்ணா? 'அவன் எங்கிட்ட எதையோ சொல்லணும்னு வர்றான். நீங்க இருந்தா கூச்சப்படுவான்'னு சொல்வாரு. அரை மணி நேரம் கழிச்சுதான் வரணும். நீங்க போனப்புறம் 'சொன்னாரா?'ன்னு கேப்பேன். 'இல்ல, இன்னைக்கும் டிவியப் பத்திதான் பேசுனான்'னு சிரிப்பாரு."

"எப்பவும் சிரிச்சானாம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மொதல்லலாம் சிரிப்பாருண்ணா. கடைசி ரெண்டு மூணு வருசமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. போயி படுத்துக்குவாரு."

உன் வீட்டுக்காரி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வாசல் வரை வந்து, "பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கெடைக்கும்ண்ணா, பாத்துப் போங்க" என்றாள். என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எத்தனை அரை மணி நேரம் ஒதுக்கிவைத்துக் காத்திருந்திருக்கிறாய் குரு. நானோ உன் எதிரில் சட்டமாக உட்கார்ந்து, உன் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு, குடைக்காரர் கதையையே திரும்பத் திரும்பப் பேசி அத்தனை அரை மணி நேரத்தையும் தீர்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இப்போது நீ கேட்க முடியாத இடத்திலிருக்கும்போது எனக்கு வாய் திறக்கிறது. அந்த வரி என்னுடையது. நீ வேண்டாம் என்றாய். நான்தான் சொன்னேன்.