கஞ்சி ஏடு நீக்கப்பட்ட காய்ச்சல் சுவடி குறித்து நீர்க்கோரை அரசியாருக்கு

திருவும் நலமும் பெருகுக. நீர்க்கோரை நாட்டுத் துறைகளில் ஓடங்கள் ஒன்றையொன்று முட்டாமல் மிதக்கட்டும், வலைகள் கிழியாதிருக்கட்டும், கொசுக்கள் வழி தவறிக் கடலுக்குள் போகட்டும்.

உப்பங்கழிகள் அனைத்துக்கும் உரிமை பூண்டவரும், வெள்ளம் அவைக்குள் வந்தபோதும் அரியணை விட்டு எழாதவருமான அரசி அலைவாய்த் தேவியார் திருமுன்பு, செம்மதில் நாட்டு மன்னர், மதில் காத்த பெருமான், பகைவர் கனவில் வருபவர், ஏறுகோமான் ஆணைப்படி ஓலைத் துணையமைச்சன் நன்னாகன் பணிந்து எழுதும் ஓலை. மன்னருக்குரிய பட்டங்கள் இன்னும் ஒன்பது உள்ளன. அவற்றை ஓலையின் முடிவில் எழுதுவதாக எண்ணியிருக்கிறேன்.

தலைமையமைச்சர் எழுத வேண்டிய ஓலையைத் துணையமைச்சன் எழுதுவது முறையன்று என்பதை அறிவேன். ஓலை எழுதும் கலையை மாலைப் பாடசாலையில் பாதிதான் கற்றிருக்கிறேன்; வாழ்த்துப் பகுதி முடிந்துவிட்டது, செய்திப் பகுதி அடுத்த மாதம்தான் தொடங்குகிறது. எனவே வாழ்த்து நன்றாகவும் செய்தி சுமாராகவும் இருந்தால் தேவியார் பொறுத்தருள வேண்டும். இன்று எங்கள் அரண்மனையில் எழுந்து ஓடாமல் ஓரிடத்தில் உட்காரக்கூடிய அமைச்சன் நான் ஒருவனே. அது ஏன் என்பதே இவ்வோலையின் செய்தி.

தங்கள் நாட்டு மருத்துவர் கொற்றியார், குளிர்காய்ச்சலுக்குக் கசக்கன் பட்டையைக் காய்ச்சி வடித்த கியாழம் நல்மருந்து என்று கண்டறிந்ததைத் தேவியார் அறிவீர்கள். சாத்தி, பூதி, நக்கை என்னும் மூவர் அவருடன் சேற்றிலும் மழையிலும் வீடு வீடாகப் போய், யாருக்குக் காய்ச்சல் இறங்கியது, யாருக்கு இறங்கவில்லை என்று பார்த்து எழுதினார்கள். எங்கள் மன்னர் பொருளுதவி செய்தார். சுவடியைச் செம்மதிலில் அரங்கேற்றி, மருந்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்புவது என்று உடன்பாடு. அதை நம்பி, உரித்த பட்டை முழுவதையும் மூட்டை கட்டி எங்கள் கிடங்குக்கு அனுப்பினீர்கள்.

எங்கள் நாட்டில் மருத்துவச் சுவடிக்குப் பன்னிரண்டு ஏடுகள் என்பது மரபு. ஏன் பன்னிரண்டு என்று பாடசாலையில் கேட்டேன். சுவடியைக் கட்டும் மரப்பலகை அந்த அளவில்தான் செய்யப்படுகிறது என்றார்கள். கொற்றியார் பதினோரு ஏடுகளில் மருத்துவத்தையும் ஒரே ஏட்டில் நால்வர் பெயரையும் எழுதித் தந்திருந்தார்.

அந்தப் பெயர் ஏட்டை எங்கள் அரண்மனைத் தலைமை மருத்துவர் பஞ்சவனார் திருத்தத் தொடங்கினார். பொருள் தந்தவர் என்பதால் மன்னர் பெயர் முதலில் ஏறியது. அடுத்து, திருத்தியவர் என்பதால் அவர் பெயர். பொருளை எண்ணியவர் என்று கருவூலத் தலைவர் மாவளத்தாரும், உடன்பாட்டில் முத்திரையிட்டவர் என்று தலைமையமைச்சரும், நீர்க்கோரை நாட்டை வரைபடத்தில் பலமுறை பார்த்தவர் என்று படைத்தலைவரும் ஏறினார்கள். மாவளத்தாரின் மருமகனுக்குக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. மூட்டைகளை நீர்க்கோரைச் சேற்றுத்துறையிலிருந்து சுமந்து வந்ததற்காகப் பட்டத்து யானை குன்றனின் பெயரும் சேர்க்கப்பட்டது. அவரவர் பட்டங்களோடு எழுதியபோது பெயர்களே மூன்று ஏடுகளை நிறைத்துவிட்டன. பலகைக்குள் அடங்க, மருத்துவத்தில் இரண்டு ஏடுகளை உருவினார்கள். கொற்றியாரும் மூவரும் கடைசி ஓரத்தில் “மற்றும் உள்ளூரார் சிலர்” என்று சுருங்கினார்கள்.

உருவிய ஏடுகளில் ஒன்றில், கியாழத்துக்கு முன் வயிறு நிறையக் கஞ்சி குடிக்க வேண்டும் என்று இருந்தது. பஞ்சவனார் அதைப் படித்துவிட்டு, கஞ்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அரசவை நூலுக்கு அது அழகன்று என்றார். அப்போது நான் அருகில்தான் இருந்தேன். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அரங்கேற்றத்துக்கு வந்த கொற்றியார் சுவடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளூரார் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த ஊருக்கு உள்ளூர் ஐயா? என் ஊரிலே நீங்களல்லவா வெளியூர்?” என்று கேட்டார்.

பஞ்சவனார், பெரிய பணிகளில் பெயர் ஒரு பொருட்டன்று என்று அவருக்கு எடுத்துரைத்தார்.

“பொருட்டில்லை என்றால் உங்களுடையதை எடுத்துவிடுங்கள். இடமாவது கிடைக்கும்.”

பஞ்சவனார் சுவடியைக் கட்டி உள்ளே அனுப்பினார்; கொற்றியார் அன்றே ஓடம் ஏறிவிட்டார்.

இதில் பெயர் மட்டும் போகவில்லை என்பதைத் தேவியார் முன் மறைக்காமல் எழுதுகிறேன். சுவடியில் பெயர் உள்ளவர்களே மருந்து மன்றத்தில் அமர்ந்து, எந்த நாட்டுக்கு எத்தனை மூட்டை என்று முடிவு செய்வார்கள். மன்றம் கூடியது. மலைநாட்டுக்கு, துறைமுக நாட்டுக்கு, மாவளத்தாரின் மாமனார் ஊருக்கு என்று எல்லா மூட்டைகளும் ஒதுக்கப்பட்டன. நீர்க்கோரை நாட்டின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தீய எண்ணத்தால் அன்று. அங்கே அமர்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. குன்றன் மன்ற வாசலில்தான் நின்றிருந்தது, ஆனால் அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பிறகுதான் அரங்கேற்றம் நடந்தது. எங்கள் நாட்டில் வாய்ச்சான்று என்றொரு வழக்கம் உண்டு. மருந்து நூலில் பெயர் பொறித்த ஒவ்வொருவரும், பெயர் வரிசைப்படி, அவையோர் காண அம்மருந்தை ஒரு குவளை குடித்துக் காட்ட வேண்டும். நெடுங்காலமாகப் புதிய மருந்து நூல் எதுவும் வராததால் இதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அவைக் காவலர் குவளைகளோடு வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. மாவளத்தாரின் மருமகன் சாளரம் வழியாக வெளியேற முயன்றார். உடல் பாதியில் நின்றுவிட்டதால் குவளையை வெளியே கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு தோட்டத்துப் பக்கமாக இழுத்து இறக்கினார்கள்.

கஞ்சி பற்றிச் சுவடியில் இல்லை. ஆகவே எல்லோரும் வெறும் வயிற்றில் குடித்தார்கள். மன்னர் “நாவுக்குக் கசப்பு, நாட்டுக்கு நன்மை” என்று ஓர் அரிய உரையைத் தொடங்கி, “நாவுக்கு” என்பதோடு நிறுத்தி, செங்கோலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். மற்றவர்கள் வரிசை மாறாமல் பின்தொடர்ந்தார்கள். எங்கள் அரண்மனையில் கழிப்பறைகள் நான்கே. பதவி வரிசைப்படி உள்ளே போவதா, அவசர வரிசைப்படி போவதா என்று படைத்தலைவருக்கும் மாவளத்தாருக்கும் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. குன்றன் மட்டும் தனக்கு வைத்த மருந்துக் குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடிவந்த பஞ்சவனார் தலையில் கவிழ்த்தது.

மாற்று மருந்து கேட்டுக் கொற்றியாருக்கு விரைவோடம் அனுப்பினேன். என் ஓலையில் வாழ்த்து மிக நீண்டுவிட்டதோ என்ற ஐயம் இன்றும் உண்டு. அவர் மறுமொழியில் வாழ்த்தே இல்லை. “கஞ்சி. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடித்தால் வயிறு அடங்கும், நீங்கள் யாரும் சாகமாட்டீர்கள். மழை பிடித்தால் காய்ச்சல் வரும், எங்கள் ஆட்கள் சாவார்கள். பட்டை உங்கள் கிடங்கில் கிடக்கிறது.”

இதை மன்னருக்குக் கதவுக்கு வெளியே நின்று படித்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. பிறகு, “நன்னாகா, சேற்றிலே கால் வைத்தது யார் யார்?” என்று கேட்டார்.

ஒருவேளை தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சி, சுவடியில் பெயர் உள்ள எங்கள் ஆட்கள் அனைவரின் செருப்புகளையும் வரவழைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் சேறில்லை. மருமகனுடையதில் மட்டும் சிறிது மண் இருந்தது; அது சாளரத்துக்குக் கீழேயுள்ள பூந்தோட்டத்து மண். குன்றனின் கால் நகங்களிடையே மட்டும் நீர்க்கோரையின் கருஞ்சேறு காய்ந்திருந்தது.

“அப்படியானால் என் பெயரை எடு. அது எப்படி உள்ளே வந்தது என்று எனக்கே தெரியாது” என்றார் மன்னர். மற்றவர்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கஞ்சி குடித்து முடிக்கும் முன்பே, வாய்ச்சான்று மறுபடி நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியால், அத்தனை பேரும் தம் பெயரை நீக்கும்படி விண்ணப்பம் எழுதிவிட்டார்கள். தாம் தொடக்கம் முதலே இந்நூலுக்கு முற்றிலும் அயலார் என்பது பஞ்சவனாரின் விண்ணப்பம். என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கு மன்னர், “எது நியாயமோ அதை எழுது. வேகமாக எழுது” என்றார்.

ஆகவே ஆணை இது. பழைய ஒதுக்கீடு செல்லாது. ஒதுக்கிய மூட்டைகளில் முதற்பங்கு இவ்வோலையோடு இன்றே நீர்க்கோரைக்கு ஓடமேறுகிறது. துறைக்காவலர் எவரும் வரி, சோதனை, விருந்து என்று தடுக்கலாகாது. மீதி எந்த நாட்டுக்கு எவ்வளவு என்பதைப் புதிய மன்றம் நீர்க்கோரையில் கூடி முடிவு செய்யும். உருவிய இரண்டு ஏடுகளும் சுவடியில் திரும்பச் சேரும். கஞ்சி ஏடு முதல் ஏடாகும். இவ்வோலையில் பெயர் பொறிக்கப்பட்டவர்களே அந்நூலை ஆக்கியவர்கள் என்றும் மன்றத்துக்கு உரியவர்கள் என்றும் கொள்ளப்படுவார்கள். கொற்றியாரின் சினம் தணியத் தேவியார் ஒரு சொல் சொல்லியருள வேண்டும். தணியாவிட்டாலும் மூட்டைகளை நாங்கள் திரும்பக் கேட்க மாட்டோம்.

இனி மன்னரின் ஒன்பது பட்டங்களை எழுத வேண்டும். ஓலையில் இரண்டு விரல் அகலமே மிச்சமிருக்கிறது. பட்டங்களை எழுதினால் பெயர்களுக்கு இடமில்லை. “மற்றும் நால்வர்” என்று வேண்டுமானால் எழுதலாம். பாடசாலையில் இதற்கு விதி இருக்கக்கூடும், அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. கதவருகே போய் மன்னரைக் கேட்டேன். “பட்டமா இப்போது?” என்றார்.

நூலை ஆக்கியவர்கள்: கொற்றி. சாத்தி. பூதி. நக்கை. செம்மதில் நாட்டின் சார்பில், யானை குன்றன்.

முத்திரை.