முடிவைச் சொல்லுகிற வேலை

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு ஸ்டெபிக்கு,

ஜாக்சன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாதாவின் தயவில் நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவது என்ன, போனைத் திறந்தால் தெரிகிறதே. நீயும் நலம், உன் பக்கத்து நாற்காலியில் நேசக்குமாரும் நலம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவனும் அந்த நேசக்குமார்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை. லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்கு, உங்கள் ஆஸ்பத்திரிக்கே, விமானம் ஏறுகிறான். உறையை ஒட்டி அதன் மேல் செலோடேப்பும் சுற்றியிருக்கிறேன். ஷிப்பிங் ஆபீசில் தினமும் கன்டெய்னர் சீலைச் சரிபார்க்கிறவன் நான். டேப் கொஞ்சம் விலகியிருந்தாலும் எனக்குச் சொல். மக்ரூன் டப்பாவும் நெத்திலிக் கருவாடும் தனியாக இருக்கின்றன, அவற்றில் அவன் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை.

போனில் பேச வேண்டியதை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் எனக்குக் குரல் கெட்டுப்போகிறது. நல்லபடியாகத்தான் ஆரம்பிக்கிறேன், அதற்குள் உன் பின்னால் யாராவது 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள், எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் போடச் சொல்லுகிறார்கள், என்ன சொல்லுதிய என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். சரி என்று நீ போனை வைத்துவிட்டாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே அதற்கு வர என்னால் முடியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய தைலத்தைத் தடவிக்கொண்டு, 'இதுதாம்லே தைலம்' என்கிறாள். இத்தனை நாள் நான் வாங்கிக் கொடுத்ததெல்லாம் பச்சைத் தண்ணீர் போலிருக்கிறது. மழைக்கு முன்னால் மாடியில் உள்ள வெடிப்பைப் பூச பால்துரை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வாரேன் என்று ஒரு மாதமாகச் சொல்லுகிறார். உன் முருங்கை பூத்திருக்கிறது. நீ முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, ஸ்டெபி எப்போது வருகிறாள், இங்கே ஆள் பற்றவில்லை என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது சிஸ்டர் என்றேன். கட்டினவனுக்கே தெரியாதா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி அந்த 'ரெண்டு வார்த்தை' விஷயம். நீயும் நேசக்குமாரும் உட்கார்ந்து படங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரீல்ஸை நான் பார்ப்பதில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஒன்று விடாமல் பார்க்கிறேன். துறைமுக கேட்டில் நிற்கும் லாரி டிரைவர் வரைக்கும் பார்க்கிறார்கள். 'அண்ணே, மதினி அந்தப் போலீஸ் படத்தைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாவளே' என்று என்னிடமே வந்து சொல்லுகிறார்கள். நான் பெருமையாகச் சிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது, ஸ்டெபி. மூடிமறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நீ சொல்லுவதெல்லாம் நன்றாக இருப்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கறுப்பு வெள்ளை ராஜா படத்துக்கு, 'ராஜா பாடி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்ன எதிரிதான் இதுல நல்ல மனுஷன்' என்றாயே, நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதே இடத்தில் அவனும் சிரிப்பது தெரிந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. பேய்ப் படத்துக்கு, 'பேய்க்காவது தனி பங்களா கிடைச்சுது' என்றாய். ராக்கெட்டில் போகிற இங்கிலீஷ் படத்துக்கு, 'அம்புட்டு தூரம் போயும் அந்தம்மா நினைப்பு வீட்டு அடுப்படியிலதான்' என்றாய். அதற்கு அவன் பெரிய ஞானிபோல் தலையாட்டுகிறான். நம் அடுப்படியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

போலீஸ் படத்துக்கு, 'வில்லன் வேலை பாக்கான், போலீசு முறைக்க மட்டுந்தான் செய்தாரு' என்றாய். முறைப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? எண்பதுகளில் வந்த அந்தக் குடும்பப் படத்துக்கு, 'புருஷன் கடைசி ரீல்ல திருந்துதாரு, அதுவரைக்கும் நம்மளால உக்கார முடியல' என்றபோது அம்மாவே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ படத்தைத்தான் சொன்னாய் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். இப்போதெல்லாம் நீ என்ன படம் பார்க்கப் போகிறாய் என்று கேட்டாலே எனக்குப் பக்கென்று இருக்கிறது.

இந்த விளையாட்டு நம்முடையது என்று அவனிடம் சொன்னாயா? கல்யாணமான புதிதில் நீ இரவு டியூட்டி முடித்து வந்து, பூசை பார்த்து, சாப்பிட்ட கையோடு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கிளம்புவோம். இடைவேளை வரைக்கும் கண் கொட்டாமல் பார்ப்பாய். முறுக்கைத் தின்று முடித்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். திரையில் எத்தனை வெடி வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டாய். திரும்பும்போது பீச் ரோட்டில் பைக்கை மெதுவாக விட்டு மிச்சக் கதையை நான் சொல்லுவேன். காற்றில் கேட்கவில்லை என்று முதுகில் காதை ஒட்டிக்கொள்வாய். மாதா கோயில் வருவதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்பது நாம் வைத்த சட்டம். நான் முடிவைச் சொல்லாமல் நீ ஒரு படத்தையும் நல்லது என்றோ மோசம் என்றோ சொன்னது கிடையாது. அந்த வேலையை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அது என்னுடையது என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நேசக்குமார் நீ கொடுத்த பார்சலோடு வீட்டுக்கு வந்தான். மாப்பிள்ளையூரணியிலிருந்து பைக்கில் வந்திருந்தான். அம்மா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆள் உயரமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன், வீடியோவில் உட்கார்ந்தே இருக்கிறான் அல்லவா. பார்த்தால் என் தோள் அளவுதான். அந்தச் சந்தோஷம் இலை போடும் வரைக்கும்தான் இருந்தது. சீலா மீன் குழம்பை ஊற்றி அவன் சாப்பிட்ட அழகைப் பார்த்து அம்மா உருகிவிட்டாள். 'ஏலே ஜாக்சா, பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைலே, ஒன்ன மாதிரி மூஞ்சியத் தூக்காம சாப்பிடுதாம் பாரு' என்கிறாள். என் வீட்டில், என் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்: 'அக்கா எங்கண்ணே முழுசா பாக்கும்! வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ஹால்ல படம் போடுவாங்க, இடைவேளையோட தூங்கிரும். மிச்சக் கதைய நாந்தான் சொல்லுவேன். அதக் கேட்டுட்டுத்தான் அந்த ரெண்டு வார்த்தைய சொல்லும்.'

எனக்குப் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. நீ அவனோடு உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொண்டேன். சிரித்ததையும் பொறுத்துக்கொண்டேன். முடிவைச் சொல்லுகிற வேலையை எப்படி ஸ்டெபி அவனிடம் கொடுத்தாய்? கேட்கக் கூடாது என்று தெரிந்தே, தூங்கும்போது எதன் மேல் சாய்ந்திருப்பாள் என்று அவனிடம் கேட்டுவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 'நாற்காலிய சுவத்தோரமா இழுத்துப் போட்டுக்கும்ணே, துப்பட்டாவ சுருட்டித் தலைக்குக் குடுத்துக்கும்' என்றான். அந்தச் சுவர் நன்றாக இருக்கட்டும். அவன் போன பிறகு அம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள். 'கூறு இருக்காலே ஒனக்கு? ஊராம் வீட்டுப் பிள்ளகிட்ட கேக்கிற கேள்வியாலே இது?' என்று அன்று முழுக்க ஓயவில்லை.

அந்தப் படகுப் படத்துக்கு வருகிறேன். நீ என்னிடம் இன்னும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அப்பா மாலத்தீவுக்குத் தோணியில் போய் வீடு திரும்பாமல் போனார்களே, அந்த வருஷம்தான் அந்தப் படம் வந்தது. காதல் படம் என்று நினைத்து உன்னை அழைத்துப் போனேன். இடைவேளையில் புயலில் கதாநாயகனின் படகு கவிழ்ந்தது. நீ முறுக்கைத் தொடவில்லை. ஆனால் மூன்று இரவு தொடர்ந்து டியூட்டி பார்த்த உடம்பு, தூங்கிவிட்டாய். உன் தலை என் தோளில் இருக்க, அவன் உடல் கரை ஒதுங்குவதை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், வந்துட்டானா என்று கேட்டாய். வந்துட்டான் என்றேன். பலகையைப் பிடித்து ஒரு தீவில் ஒதுங்கி, மாதக்கணக்கில் இருந்து, தாடியோடு வீட்டுக்கு வந்தான், பெண்டாட்டி அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்தினாள், பிறகு தெரிந்து அடி அடி என்று அடித்தாள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மாதா கோயில் பக்கத்தில் நீ தீர்ப்புச் சொன்னாய்: 'படம் நல்லாருக்கு, தாடிதான் ஒட்டுத் தாடி.' இல்லாத தாடிக்கு நீ சொன்ன குறையைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. உனக்காக எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தேன், பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தேன், ஒரு வில்லனைத் திருச்செந்தூருக்கு அனுப்பி மொட்டை கூடப் போட வைத்தேன். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு அந்த ஆளைக் கடலில் விட்டுவிட்டு உன்னை வீட்டுக்குக் கூட்டிவர எனக்கு மனம் வந்திருக்காது.

போன மாதம் பழைய படங்கள் என்று சொல்லி நேசக்குமார் அந்தப் படகுப் படத்தையே எடுத்தான். வழக்கம்போல் நீ தூங்க, அவன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். வீடியோவில் உன் தீர்ப்பு இவ்வளவுதான்: 'நான் முன்ன பாத்தப்ப இவரு கரையேறிட்டாரு, தாடியோட.' அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கீழே எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நீ மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். எப்போது நீ அதைத் திருகுவாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். அதையும் அவன் கண்டுபிடித்துவிட்டானா?

அன்று முதல் எனக்கு ஒரே பயம், நான் முடிவை மாற்றிச் சொன்னதை அவனிடம் சொல்லியிருப்பாயோ என்று. சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்சை விட்டுப் பார்த்தேன். 'அது என்ன ஜோக்குன்னே எனக்கு வெளங்கலண்ணே, கேட்டா அக்கா சொல்ல மாட்டேங்கு' என்றான். நீ சொல்லவில்லை! நானே எழுந்து போய் அவனுக்கு ஒரு பெரிய துண்டு சீலா எடுத்து வைத்தேன். அவனுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை.

கை கழுவும்போது அவன், தான் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். 'அக்காவும் போட்டுரும்ணே, அண்ணன் ஒன் இஷ்டம்னு சொல்லிட்டாருன்னு போன்ல சொல்லிச்சு' என்றான். நான் உன்னிடம் சொன்னது அவன் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தபோதுதான், அது எவ்வளவு ஈரமில்லாத பேச்சு என்று என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நேசக்குமார் நல்ல பையன். எழுதும்போதே கசக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். அவனோடு பேசாதே, சிரிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லுகிற புருஷன்மார்களை நீ எத்தனை படங்களில் கிழித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

நீ கையெழுத்துப் போட்டால் இங்கே என்ன நடக்கும் என்பதை மட்டும் மாற்றாமல் சொல்லுகிறேன். அம்மா சமாளித்துக்கொள்வாள். மாடி எப்படியும் பூசப்படும், முருங்கை காய்க்கும். நான் ஆபீஸ் போய் வருவேன், நேரத்துக்குச் சாப்பிடுவேன். எப்படி இருக்கிய என்று நீ கேட்டால் நல்லாருக்கேன் என்பேன். நல்லா இருக்க மாட்டேன், ஸ்டெபி.

அங்கே உனக்கு மரியாதையான வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, உன்னைச் சிரிக்க வைக்க ஆள் இருக்கிறது. இங்கே மேட்ரன் சிஸ்டரின் டியூட்டியும் மூஞ்சியைத் தூக்குகிற ஒருவனும்தான். தராசில் வைத்தால் என் பக்கம் மேலே போய்விடும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறேன். வந்துவிடு.

மாதா உன்னை அலுங்காமல் காக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை கூப்பிடு. போனில் உன் குரலைக் கேட்டதும் நான் மறுபடியும் உன் இஷ்டம் என்றுதான் சொல்லுவேன். நம்பிவிடாதே.

உன்னுடைய,
ஜாக்சன்