நயா டேரா இருந்த இடம்

லம்பா லைன்,
போர்ட் பிளேர்,
20-2-1968

அன்பு மகன் திருநாவுக்கரசுக்கு அம்மா மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன கப்பலில் உன் கடிதம் வரவில்லை, பரீட்சை நேரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டுப்போய் சாத்தம் மர மில்லுக்கு மறுபடி வேலைக்குப் போகிறார்.

நிற்க. மூர் மார்க்கெட்டில் வாங்கி அனுப்பினாயே வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவுக்குப் போட்ட சர்வே மேப், அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று பள்ளிக்கு எடுத்துப்போய் டீச்சர்கள் அறையில் விரித்திருந்தேன். எங்கள் ஹிந்தி டீச்சர் சந்திரமதியை உனக்குத் தெரியுமே, இங்கேயே பிறந்த குடும்பம், என்னை அக்கா முறையில் தீதி என்பாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இதில் நயா டேரா என்று ஒரு ஊர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். ஜப்பான்காரன் இருந்தபோது அவளுக்கு ஐந்து வயதாம். கடலுக்கு அந்தப் பக்கம் காட்டோரம் அந்த ஊரில் இருந்தார்களாம், தம்பி மகேஷ் காய்ச்சலில் போய்விட, குளக்கரைப் புளியமரத்தடியில் அவள் அப்பா புதைத்தாராம். கொஞ்ச நாளில் சிப்பாய்கள் வந்து ஊரையே காலி செய்ய வைத்தார்களாம். இப்போது அவளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வளர்த்த சித்தப்பாவோ, அப்படி ஓர் ஊரே கிடையாது, சின்னப் பிள்ளை கண்ட கனவு என்றே சொல்லிவந்திருக்கிறார். “தீதி, எனக்குத்தான் புத்தி சரியில்லையோன்னு சில நேரம் பயமா இருக்கு” என்று அவள் ஹிந்தியில் சொன்னாள். மேப்பில் அக்கரையிலுள்ள பேம்பூ ஃபிளாட் துறையிலிருந்து ஓடை வழியே விரலை நகர்த்திக்கொண்டே போனேன். இரண்டு ஓடை சேரும் இடத்துக்கு மேலே நாலைந்து கறுப்புச் சதுரம், பக்கத்தில் ஒரு குளம், கோணல் எழுத்தில் ‘நியாடேரா’ என்று இங்கிலீஷில் ஒரு பெயர். சந்திரமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தைத் தேடிப் போகிறோம் என்றதும் அப்பா முதலில் சத்தம் போட்டார், அட்டையும் பூரானும் இருக்கிற காட்டில் உங்களுக்கு என்ன வேலை என்றார். பிறகு அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாத்தத்தில் ஃபெர்ரி ஏறி அக்கரை போய் நடந்தோம். மேப்பில் இருந்த வண்டிப்பாதை காட்டில் எங்கேயும் இல்லை. யானை மரம் இழுத்த தடத்தைப் பாதை என்று நம்பி வெகுதூரம் போய் ஏமாந்து திரும்பினோம். ஓடைதான் இடம் மாறாமல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். காட்டு மரங்களுக்கு நடுவே திடீரென்று பலா மரங்கள், நட்டு வைத்ததுபோல வரிசையாக. அப்பா சட்டென்று நின்று, இதை யாரோ ஆள்தான் வைத்திருக்கணும் என்றார். சந்திரமதி எங்களைத் தாண்டி ஓடினாள். குளத்துக்கு ஒரே பக்கத்தில்தான் செங்கல் படி, இறங்கினால் தன் அம்மா துணி துவைத்த தட்டைக் கல் என்று ஃபெர்ரியிலேயே சொல்லியிருந்தாள். இரண்டும் அப்படியே இருந்தன கண்ணா, பாசியைச் சுரண்டிப் பார்த்தோம். கரையில் புளியமரமும் நின்றது. “யஹீ ஹை தீதி, இதேதான்” என்று அடியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தம்பி பெயரை வாய்விட்டு இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு குளத்தில் முகம் கழுவி வந்து, பசிக்கிறது தீதி என்றாள். கொண்டுபோன புளிச்சோற்றில் பாதியை அவளே சாப்பிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் சந்திரமதி தன் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். மனிதர் கோபப்படுவார் என்று பயந்தேன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். ஊரை விட்டு வந்த பிறகு அவள் அம்மா பிள்ளையைத் தேடிக்கொண்டு அடிக்கடி அந்தக் காட்டுக்கே ஓடிப்போவாளாம். ஊரைப் பற்றிப் பேச்செடுத்தாலே கிளம்பிவிடுவாளாம், அதனால் அப்படி ஒன்றே இல்லை என்று வீட்டில் எல்லாருமாக முடிவு செய்தார்களாம். அண்ணி போன பிறகும் எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை மகளே, இப்போதுதான் நெஞ்சு லேசாச்சு என்றார். வரும் ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.

சந்திரமதி இப்போது வகுப்பில் உரக்கப் பாடம் நடத்துகிறாள், அடுத்த அறையில் என் குரல் எடுபடவில்லை. நீ ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, விடியலில் எழுந்து படி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. லீவுக்கு வரக் கப்பல் டிக்கெட்டுக்கு இப்போதே எழுதிப்போடு. எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு வந்து சேர அம்மன் துணையிருப்பாள்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மேப்பில் அந்தக் குளக்கரையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் மகேஷ் என்று எழுதியிருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
ஜ. மரகதம்