நடுக்கெவியில் நின்ற தாய்மாமன் சீர்

நரிக்கெவி மேல்தோட்டம், போடி மலை
1936, ஐப்பசி

சிரஞ்சீவி கர்ணனுக்கு உன் அப்பன் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அம்மா, சிவப்புப் பசு, என் முழங்கால் வலி எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அம்மா ஜக்கம்மா தினமும் சாமிக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறாள். குடையைத் தொலைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தலை இருக்கிறதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். அந்த ஊர் மழையில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு படுக்காதே, சளி பிடித்தால் சுக்கு வாங்கிப் போட்டுக் குடி, அங்கே சுக்கு கிடைக்காது என்று கதை விடாதே, நம்ம ஆட்கள் இருக்கிற ஊரில் சுக்கு இல்லாமல் இருக்காது.

உன் அத்தை மகள் சுப்புத்தாய்க்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளைக்குப் பழனிசெட்டிபட்டியில் பலசரக்குக் கடை. பையன் சாது, வாயைத் திறந்தால் விலையைத் தவிர வேறு பேச மாட்டான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு உன் அப்பன் போன விதத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் ஆகாயத்தில் பறந்தேன் என்கிறார்கள், ஆட்டுக்குக் கைகூப்பினேன் என்கிறார்கள். அது கப்பலேறி உன் காதுக்கு வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன் என்று ஆகியிருக்கும். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், என் மானத்தை நானே வாங்கிக்கொண்டால் கொஞ்சமாவது அளவோடு வாங்குவேன் அல்லவா.

முதலில் கம்பித்தொட்டியின் சரித்திரம் உனக்குத் தெரிய வேண்டும், அது நீ கப்பலேறின பிறகு வந்தது. நம்ம தோட்டத்துக்கும் கீழே அத்தை ஊருக்கும் நடுவில் நரிக்கெவிப் பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழம் என்று உனக்குத் தெரியும், ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக் கெவிக்குள் இறங்கி ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் கரையேறுவதற்குள் ஆளுக்கு உயிர் பாதி போய்விடும். ஆட்களின் உயிர் பாதி போனதில் துரைக்கு வருத்தம் இல்லை, மழையில் ஏலக்காய் நனைந்ததில்தான் அவருக்கு மனசு உடைந்து கம்பிக்கு எழுதிப்போட்டார். கம்பிச் சுருள் அடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டியில் வந்தது. அங்கிருந்து அதை ஆட்களின் தோளில் நீளமாகப் போட்டு மலையேற்றினார்கள், முன்னால் போனவன் மேலே வந்து வெற்றிலை போட்டு முடித்தபோது வால்பக்கத்து ஆள் இன்னும் கீழேயே நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். தொட்டி ஓட ஆரம்பிக்கிற நாளில் எந்த ஊர் சாமிக்கு முதல் கிடா வெட்டுவது என்று மூன்று ஊருக்கும் சண்டை. துரை பயந்துபோய்க் கிடாயே வேண்டாம், ஆளுக்கொரு தேங்காய் உடையுங்கள் என்றார். உடைத்தார்கள். எந்தத் தேங்காய் முதலில் உடைந்தது என்று இன்றைக்கும் டீக்கடையில் வழக்கு நடக்கிறது.

அதன் ஓட்டம் ரொம்ப எளிது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பி, கம்பிக்கு ஒரு தொட்டி, இரண்டையும் சேர்த்து மேலே ஒரு பெரிய சக்கரம். மேலிருந்து மூட்டையோடு ஒரு தொட்டி இறங்கினால் அந்தக் கனமே கீழே இருக்கிற காலித் தொட்டியை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். எஞ்சின் இல்லை, கரி இல்லை. சக்கரத்துக்கு ஒரு பிரேக், பிரேக்குக்கு ஒரு பலவேசம். ஆட்கள் ஏறக்கூடாது என்று ஒரு பலகை உண்டு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை என்ற முறையில் அதை எழுதினவன் நான்தான். முதலில் துரையின் நாய் ஏறியது, நாய் ஆள் இல்லையே. அப்புறம் ஒரு ரெவினியூ இன்ஸ்பெக்டர் பலகையைப் படித்துவிட்டு, இது ஆட்களுக்குப் போட்ட பலகை, நான் சர்க்கார் என்று சொல்லி ஏறினார். அப்புறம் யார் ஏறவில்லை என்று எண்ணுவதுதான் சுலபம்.

இனி என் கதை. நீ சுப்புத்தாயைக் கட்ட மாட்டேன் என்று ரங்கூனிலிருந்து எழுதின நாளிலிருந்து உன் அத்தை மொக்கம்மாள் என்னோடு பேசவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துச் சுமந்தவள், சந்தையில் எதிரே வந்தால் என் வேட்டியைப் பார்ப்பாள், என் செருப்பைப் பார்ப்பாள், முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். இந்த நிலையில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கீழிருந்து வந்த தொட்டியில் அரிசி மூட்டைமேல் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு. தட்டு வந்தது, கூட ஆள் வரவில்லை. நம்ம வழக்கத்தில் தாய்மாமனை நேரில் வந்து வெற்றிலை வைத்துத்தானே அழைக்க வேண்டும்? கம்பியில் அழைத்தால் அது அழைப்பா என்று எனக்கு ரோசம். உன் அம்மா, “தட்டு வந்திருச்சுல்ல, கிளம்புங்க. ஒங்க அக்கா கால்ல விழுந்து கூப்புடணுமாக்கும்? பெரிய பாண்டிய மகாராசா!” என்றாள். மகாராஜா வெற்றிலையை மட்டும் மென்றுவிட்டு, கிளம்பாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் முறுக்கு தளர்ந்தது, பொழுது விடிந்து போவோம் என்று படுத்தேன். ராத்திரி பெய்த மழையில் ஆறு கரைபுரண்டுவிட்டது. விடிந்து பார்த்தால் கெவிக்குள் நடந்து தாண்டுகிற பாறை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்தால்தான் நம்ம வீட்டுப் பெண் கழுத்தை நீட்டுவாள் என்பது உனக்குத் தெரியும். அன்று நான் போகாவிட்டால் அப்புறம் என் அக்கா வீட்டு வாசல் எனக்கு இல்லை. அவள் செத்தால் எனக்குச் சொல்லிவிடக்கூட மாட்டார்கள். பலவேசத்திடம் போனேன். அவன், “ஏறுங்கய்யா, வெள்ளக்காரன் கம்பி, யானையைத் தொங்கவிட்டாலும் அறுகாது. நீங்க யானையில பாதிதான” என்றான். சீர் எல்லாவற்றையும் ஏற்றினேன், பட்டுச்சேலை, வெண்கலப் பானை, வாழைத்தார், தட்டில் ஒரு கட்டு வெற்றிலை, பெருமைக்கென்று ஒரு அரிசி மூட்டை, அதன்மேல் நான். தாய்மாமன் சீர் வருகிறது என்று பலவேசம் கீழ்க்கரைக்குக் கத்திச் சொன்னான், கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தயார் என்று மணி அடித்தது. பலவேசம் பிரேக்கைத் தளர்த்தினான். மேல்பக்கம் சரிவு அதிகம், தொட்டி ஜோராகக் கிளம்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளையும், அவசரத்தில் தெரியாத சாமிகள் இரண்டையும் கூப்பிட்டேன்.

சத்தம் நின்றது. கரை வந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு கிடா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுக்கெவி. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கொதிக்கிறது. என் தொட்டி நின்றுவிட்டது, பக்கத்துக் கம்பியில் ஏறிவந்த தொட்டியும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுவிட்டது. அதில் ஒரு நெல் மூட்டை, ஒரு சாக்குத் தேங்காய், வெல்லம், கழுத்தில் மாலையோடு இந்தக் கிடா. விஷயம் இதுதான். சீர் வருகிற தொட்டிக்கு எதிர்த்தொட்டி வெறுமையாகப் போனால் ஊர் சிரிக்கும் என்று உன் அத்தை எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய எதிர்சீரைக் கையோடு ஏற்றிவிட்டாள். தம்பி கனமாகத்தான் கொண்டுவருவான், நாமும் குறைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஏற்றியிருக்கிறாள். இரண்டு பக்கமும் பெருமை சமமாக இருந்ததால் இரண்டு தொட்டியும் அசையவில்லை. ஆயுசெல்லாம் ஏலக்காய் நிறுத்த எனக்கு, நானே தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேலே பலவேசம், “நான் பிரேக்கே புடிக்கலைய்யா, சாமி சத்தியமா!” என்று கத்துகிறான். கீழ்க்கரையில் கல்யாணக் கூட்டம் முழுக்க மேளகாரரோடு வந்து நிற்கிறது. ஆளுக்கு ஒரு யோசனை. “அரிசி மூட்டையைத் தள்ளிவிடுங்க!” என்று ஒருத்தன். தள்ளினால் என் தொட்டி லேசாகி, நான் வந்த வழியே பின்பக்கமாக வீட்டுக்குப் போய்ச் சேருவேன், உன் அம்மா மோர் கொடுப்பாள். “அந்தக் கிடாயைத் தள்ளுங்க, சர்ர்னு இங்கன வந்துருவீக!” என்று இன்னொருத்தன். அக்கா கொடுத்த சீரை ஆற்றில் தள்ளிவிட்டு அவள் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது? மிச்சம் ஒரே வழிதான், அவள் சீரில் கொஞ்சத்தை என் தொட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், என் பக்கம் கனத்து இறங்கிவிடும். ஆனால் தாய்மாமன் முதலில் கொடுக்க வேண்டும், பிறகுதானே வாங்க வேண்டும்? கொடுப்பதற்கு முன்னாலேயே வாங்கினான் சீனிச்சாமி என்று ஆகிவிடுமே. உயிர் கம்பியில் தொங்குகிறபோதும் உன் அப்பனுக்கு இந்த ஆராய்ச்சி.

அதற்கும் ஒரு தந்திரம் செய்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிடா தானாக என் தொட்டிக்குத் தாவினால் நான் வாங்கினதாக ஆகாது அல்லவா? சீர்த்தட்டு வெற்றிலையைக் காட்டி, “வாடா ராசா, வா” என்று கெஞ்சினேன். அது கழுத்தை மட்டும் நீட்டி அந்தக் கட்டு முழுவதையும் தின்றுவிட்டு இருந்த இடத்திலேயே அசை போட்டது. கரையில் ஐயர் முகூர்த்தம் தாண்டுகிறது என்று வானத்தைப் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கிறார்கள், வேறு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவரட்டுமே என்று. சுப்புத்தாய் கல்யாணச் சேலையோடு கரையிலேயே நின்று, “மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன், யாரு வேணா என்னவும் சொல்லிக்கங்க” என்றாள். நீ வேண்டாம் என்ற பெண் அவள், நான் அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல்கூடச் சொல்லாதவன்.

அப்போதுதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உன் அத்தை முன்னால் வந்தாள். இத்தனை வருசத்தில் எனக்கென்று அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, கெவி முழுக்க எதிரொலித்தது. “ஏலே சீனி! குடுக்கிறதக் கைநீட்டி வாங்க ஒனக்கு என்னலே கேடு? ஓம் பவுசு ஆத்துல போகட்டும், நீ வந்து சேருலே!”

நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, கிடாயை வாரி மார்போடு அணைத்துக்கொண்டேன். அது என் நெற்றியில் ஒரு முட்டு முட்டியது, கொஞ்சம் வீக்கம் இன்னும் இருக்கிறது. தொட்டி லேசாக முனகியது, அசைந்தது, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. சீர் கொண்டுவருகிற தாய்மாமன், வாங்கின கிடாயைக் கையில் ஏந்திக்கொண்டு, மேளம் முழங்கக் கரையில் போய் இறங்கினேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. உன் அத்தை, “சீர் கொண்டாந்தியா, ஆடு மேய்க்க வந்தியாலே?” என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் என் சட்டையில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரையெல்லாம் தட்டிவிட்டாள். தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் சுப்புத்தாய் கையைப் பிடித்து மணைக்குக் கூட்டிப்போனேன். நேரம் கொஞ்சம் தாண்டித்தான் போயிற்று, ஐயர் அது ஒன்றும் பாதகமில்லை என்று சாஸ்திரத்தை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

மேலே போன மிச்ச எதிர்சீரை உன் அம்மா நான் திரும்புவதற்குள் தோட்டம் முழுக்கப் பங்கு போட்டுவிட்டாள், எனக்கு ஒரு அச்சு வெல்லம் வைத்திருந்தாள். துரைக்குச் செய்தி போய், சீர் எதிர்சீர் எதுவும் தொட்டியில் ஏற்றக்கூடாது என்று புதுப் பலகை வைக்க உத்தரவு. அதையும் நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று துரை பாராட்டினார்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. உன் அத்தைக்குத் தனியாகக் கடிதம் போடு. மன்னிப்பு கின்னிப்பு என்று பெரிய வார்த்தை வேண்டாம், சுகம் விசாரி, அங்கே நீ என்ன சாப்பிடுகிறாய், யார் சமைக்கிறார்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று எழுது. அவளுக்கு எழுத்து தெரியாது, உன் மாமாவுக்கும் தெரியாது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் சுப்புத்தாய் ஒருத்தி, அவளும் பழனிசெட்டிபட்டிக்குப் போய்விட்டாள். கடிதம் வந்தால் படித்துக்காட்ட என்னைத்தான் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். இந்த வயதில் அக்கா வீட்டுக்குச் சும்மா போய் நிற்க எனக்கும் கூச்சம், சும்மா வா என்று கூப்பிட அவளுக்கும் கூச்சம். ஆகவே மாதம் தவறாமல் போடு, நீளமாகப் போடு. நான் படித்து முடிக்கும்போது அங்கே சாப்பாட்டு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

சாமி உனக்கு நல்ல உடம்பும், நிலையான வேலையும், தொலையாத குடையும் கொடுக்கட்டும். உன் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கால் தரையில் பதிய உட்கார்ந்து எழுதும்
உன் அப்பன்,
சீனிச்சாமி