மண்மேட்டில் இறங்கியவளுக்கு

இன்று காலை இங்கே ஓமானில், சோஹாரில், எங்கள் புதுக் குடியிருப்பின் நடுவே முதன்முறையாகப் புல் வெட்டினார்கள். ஜன்னலைத் திறந்ததும் பச்சை வாசனை சமையலறை வரை வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உன் தெருவில் அந்தக் கோடையில் நான் முகர்ந்த அதே வாசனை.

இந்த ஊரில் பல வருஷம் எதிரெதிர் ஃபிளாட்டில் இருந்தோம். நீ நர்ஸ், நான் கணக்கு டீச்சர். உனக்கு டியூட்டி இருந்தால் உன் பையன் என் வீட்டில் சாப்பிடுவான். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் நீ வந்து பார்ப்பாய். பிறகு அயர்லாந்தில் உனக்கு வேலை கிடைத்தது. டப்ளினுக்கு வெளியே, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு புறநகரில் வீடு வாங்கினாய்.

முதல் மாதங்களில் போனில் உன் குரலில் சுரத்தே இருக்காது. எல்லா வீடும் ஒரே மாதிரி, பஸ் கிடையாது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பாய். பூங்கா வரும் என்று படம் காட்டி வீடு விற்றவர்கள், அந்த இடத்தில் மண்ணையும் கல்லையும் மலையாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அந்த மண்மேட்டில் மண்வெட்டியோடு நீ தனியாக இறங்கினாய். எதிர்வீட்டு ஐரிஷ் அம்மாள் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தன் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வந்தாளாம். அடுத்த வாரம் ஒரு போலந்துக்காரர் வந்தார், பிறகு ஒரு நைஜீரியக் குடும்பம். எல்லோருக்கும் ஃபிளாஸ்கில் டீயும் சுண்டலும் கொண்டுபோனாய். புல் முளைத்த பிறகு அதே ஆட்கள் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் பஸ் கேட்டார்கள். அலைய வைத்தாலும் கடைசியில் பஸ் வந்தது. கோடை லீவில் நான் அங்கு வந்தபோது, பால் வாங்கப் போன உன்னை வழியெல்லாம் நிறுத்திப் பேசினார்கள். கூட வந்த எனக்குக் கால் வலித்தது.

அன்று புல்தரையில் உட்கார்ந்து நான் சொன்னேன்: "உனக்கு இது சரி. இங்கயே தங்கிடுவ. எங்களுக்கு விசா முடிஞ்சா கலாஸ். பக்கத்து வீட்டோட பழகி என்ன ஆகப்போகுது?"

நாகர்கோவில் பேச்சு மாறாமல் நீ கேட்டாய்: "விசா தீருறது வரைக்கும் அங்கதானட்டி இருப்ப? அதுவரைக்கும் கதவப் பூட்டிக்கிட்டா கெடக்கப்போற?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அவசரத்தில் எனக்கு விசா கிடைக்கவில்லை. உன் கணவர் இறுதி ஊர்வலத்தைப் போனில் காட்டினார். மழையில், உன் வண்டி போன வழி நெடுக, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றாள். நான் அழுது தீர்த்தேன். ஆனால் நீ அந்நிய மண்ணில் போய்விட்டாய் என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்குப் போவேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஃபிளாட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே இங்கே வந்தோம். இங்கும் நடுவில் சரளைக்கல்லும் உடைந்த பலகையுமாக ஒரு காலி இடம். பிள்ளைகள் ஏசி அறைகளில் போனோடு கிடந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப்போய்க் கதவுகளைத் தட்டினேன். சிலர் திறக்கவேயில்லை. "நமக்கெதுக்கு சேச்சி வம்பு?" என்றார் ஒரு மலையாளி. ஓர் ஓமானியப் பெண்மணி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காவா காபியும் பேரீச்சம்பழமும் தந்து முழுவதையும் கேட்டார். அனுமதி இல்லாமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று சொல்லி, நகராட்சியில் அவரே பேசினார். தண்ணீர்க் குழாயும் புல்விதையும் மரக்கன்றுகளும் அவர்கள் தந்தார்கள். கல் பொறுக்கியது நாங்கள். வம்பு என்று சொன்ன அந்த மனிதர்தான் ஊஞ்சல் மாட்ட ஆள் கொண்டுவந்தார். இப்போது பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்ட பிறகும் பிள்ளைகளை உள்ளே இழுக்க முடியவில்லை.

விசா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறார்கள். எனக்கு அதில் பயமில்லை.

போன வாரம் மூலை வீட்டின் முன்னால் சாமான் லாரி நின்றது. மதுரைக் குடும்பம். எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்தபடி, "நீங்க எந்த வீடுக்கா?" என்று கேட்டாள்.

என் வீடு அடுத்த தெருவின் கடைசியில் இருக்கிறது.

"பக்கத்து வீடு" என்றேன்.