முழங்கால் விரலுக்கு நேரே

ஜூன் 23, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. குடியிருப்போர் சங்க ஹாலில் யோகா, மூன்றாவது வாரம். உத்கடாசனம். இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்பது. தொடைக்குப் பலம் வருமாம்.

எனக்கு வேண்டியது அதுதான். விசாலத்துக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் போனதிலிருந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைப்பது ஹோம்நர்ஸ் லதா. அவள் மகளுக்குப் பிரசவம், 30ஆம் தேதி கிளம்புகிறாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து ரவி: "உங்களால தூக்க முடியலேன்னா அம்மாவை ஹோம்ல சேர்த்துடலாம்ப்பா." மாதக் கடைசிவரை பொறு என்றேன். பெற்ற பிள்ளையிடம் கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

ஜூன் 24, செவ்வாய்
வி.க்கு மாத்திரை. எனக்குத் தைலம்.
இடது முழங்காலில் குத்தல். பாத இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். சரி. முதுகு? மூச்சு? வயசுதானோ?

ஜூன் 25, புதன்
தூறல். யோகா டீச்சர், மலையாளப் பெண், எதிரே வந்து நின்றாள். "சாரே, முட்டு காணல்லல்லோ. முண்டு கொஞ்சம் மடக்கிக் கட்டுங்க." முழங்கால் தெரியவில்லையாம், வேஷ்டியை மடித்துக் கட்ட வேண்டுமாம்.

அடுத்த வீட்டு மணி: "அவரா? ஆபீஸ்ல மேனேஜர் ரூம் வாசல்லயே மரியாதைக்கு வேஷ்டிய இறக்கி விட்டுண்டு போற ஆளாக்கும்!" எல்லாரும் சிரித்தார்கள்.

பேத்தி வயது என்றாலும் டீச்சர். அவள் முன்னால் எப்படி மடித்துக் கட்டி நிற்பது? மூன்று வாரமும் கணுக்கால்வரை இறக்கிவிட்டே செய்தேன். இன்று மடித்தேன். இரண்டு முழங்காலும் உள்பக்கம் சாய்ந்திருந்தன.

"அய்யோ சாரே, இத்தனை நாளும் இப்படியா?"

தவறையே ஒழுங்காக, ஒரு நாள் விடாமல் பழகியிருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்
முதலிலிருந்து. முழங்கால், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே. எடை குதிகாலில். ஏழு வினாடி. பிறகு நடுக்கம்.

ஜூன் 27, வெள்ளி
லதாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வி.யைத் தூக்கிப் பார்த்தேன். பாதி எழுந்தாள். என் முழங்கால் மறுபடி உள்ளே. லதா பிடித்திராவிட்டால் இருவரும் தரையில்.

"வேண்டா சாமி. அம்மைக்கு எல்லு ஒடிஞ்சு போகும்." எலும்பு முறிந்துவிடும் என்கிறாள்.

வி. நைட்டியை இழுத்துவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

ஜூன் 28, சனி
வெயில். ரவி ஃபோன். "என்னப்பா, தூக்கினேளா?"

இன்னும் ஒரு மாதம் கேட்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதியே வைத்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்தேன். "நீ சொல்றபடியே செய்" என்றேன். திங்களன்று காரோடு வருகிறானாம். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ."

காப்பி கொடுக்கும்போது சொல்லலாம் என்று போனேன். குடித்து முடித்தாள். கோணிய வாயால், மெதுவாக: "ஏன்னா, இன்னொரு தரம் பார்ப்போமா? இந்தக் காலை நான் ஊனிக்கறேன்."

இடது கையை என் கழுத்தில் போட்டாள். குனிந்தேன். பாதம் சரி. முதுகு சரி. முழங்கால் விரலுக்கு நேரே. ரவி வருவதைச் சொல்லவுமில்லை, தூக்கவுமில்லை.

"ம், தூக்குங்கோ" என்றாள்.