ஆரபி ரீச்சரின் பக்கம்

நெல்லியடி
04.08.2025

அன்புள்ள ஜெயசுதன் அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பலமுறை அழைத்தும் நீங்கள் போன் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து இணையத்தில் படிப்பிக்கும் வேலை தேடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அதில் உங்கள் ஆரபி, என் சிநேகிதி, பின்னக்கணக்குப் படிப்பிக்கிறாள். போன வருடம் வேலைக்கு விண்ணப்பித்து அவள் அனுப்பிய மாதிரிப் பாடம். பதில் வரவில்லை என்று சாகும்வரை கவலைப்பட்டாளே, அதே ஆட்கள்தான். பாடம் முடிந்ததும் அவளுடைய குரல், "நானும் இங்கதான் வேலை பாக்குறேன், நம்பி வாங்க" என்கிறது. அவள் ஒருநாளும் அப்படி இந்தியத் தமிழில் கதைக்கமாட்டாள். கணினியில் செய்த போலிக் குரல். முகநூலில் "ஆரபி ரீச்சர்" என்று அவளுடைய படத்தோடு ஒரு பக்கமும் திறந்து, சேருவதற்குக் காசு கேட்கிறார்கள்.

குடும்பத்தவர் மரணச் சான்றிதழோடு முகநூலுக்கு முறைப்பாடு செய்தால் அந்தப் பக்கத்தை நீக்குவார்களாம். செய்யுங்கள் அண்ணை.

அன்புடன்,
வினோஜா

காங்கேசன்துறை
11.08.2025

தங்கச்சி வினோஜாவுக்கு,

அந்தப் பக்கத்தை நான் முன்னமே கண்டுவிட்டேன். கோபிக்காதேயும். ஒருநாள் மனம் கேட்காமல், "ஆரபி, சாப்பிட்டியோ?" என்று அதற்கு எழுதினேன். "ஆமா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பதில் வந்தது.

எவனோ ஒரு கள்ளன் என்று தெரியும். ஆனாலும் அவளுடைய படம், அவளுடைய பெயர். வேலையால் வந்ததும் தினமும் எழுதுகிறேன். சேரச் சொன்னால் கதையை மாற்றிவிடுவேன். அவள் இல்லை என்று நானே எப்படிச் சான்றிதழ் அனுப்புவது? கொஞ்சம் பொறும்.

ஜெயசுதன்

நெல்லியடி
25.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும் பிரதீபா, ஆரபியிடம் படித்தவள். இவ்வளவு நாளும் மன்னாரில் இருந்ததால் ஆரபி இறந்தது அவளுக்குத் தெரியாது. காதுத் தோட்டை அடகுக் கடையில் அடைவு வைத்து அவர்களுக்குக் காசு கட்டிவிட்டாள். வேலை வரவில்லை. "ஆரபி ரீச்சர் பொய் சொல்லமாட்டா எண்டு நம்பினனான் அக்கா" என்கிறாள். ஆரபி இறந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறோர் இடத்தில் இணையத்தில் படிப்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. காசு கேட்கவில்லை, முகம் பார்த்துக் கதைத்தார்கள். அங்கே படிப்பிக்கும் இருவரிடம் நானே விசாரித்தேன். அப்படியிருந்தும் முதல் சம்பளம் வரும்வரை பயம் போகவில்லை.

வினோஜா

காங்கேசன்துறை
07.09.2025

தங்கச்சி வினோஜாவுக்கு,

அந்தப் பிள்ளை வந்தது. வாசல் படலையில் நின்று, "ரீச்சர் நிக்கிறாவோ?" என்று கேட்டது. உள்ளே கூட்டிப்போனேன். சுவரில் மாலை போட்ட படத்தைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டது. காசைப் பற்றிக் கதைக்கவேயில்லை. "எப்ப அங்கிள்?" என்று மட்டும் கேட்டது.

அன்றைக்கே மரணச் சான்றிதழை முகநூலுக்கு அனுப்பிவிட்டேன். அதற்கு முன் அந்தப் பக்கத்துக்கு, "ஆரபி இறந்துவிட்டாள். நான் அவளுடைய புருஷன்" என்று எழுதினேன். மறுபக்கத்தில் எழுதுகிறார்கள் என்ற அடையாளம் நெடுநேரம் தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிரதீபாவைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் முறைப்பாடு எழுதுவித்தேன். காசு திரும்ப வரும் என்று அவளுக்கும் நம்பிக்கையில்லை.

இன்று வேலையால் வந்து வழமைபோல் போனைக் கையில் எடுத்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

ஜெயசுதன்